சேர்வராயன் மலையில் கூதிர்காலம்



ஏற்காட்டுக்குச் செல்வதென்றால் மே மாதத்தில்தான் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் நம் இல்லங்களில் ஆழ வேரூன்றி விட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, சமவெளியில் தாங்கவொண்ணா வெயில், மலையில் அரசு நடத்தும் கோடை விழா, அண்ணா பூங்காவின் மலர்க் கண்காட்சி என்று காரணங்கள் பல. ஆயினும் அந்த மலையை அதன் உழைப்போடும் விளைச்சலோடும் காண விரும்புவோர் ஐப்பசி பிறந்த பின்னரே மலையேற வேண்டும் என்பது என் அனுபவம்.

ஜப்பான் நாட்டின் பழந்தலைநகரான கியோட்டோவில் இலையுதிர்காலமே விழாக்காலம். அக்டோபர் 22ஆம் நாள் அந்நகர மக்கள் பல நூற்றாண்டுகளின் உடைகளை அணிந்து ஊர்வலம் செல்கின்றனர். நவம்பரில் மேப்பிள் மரங்களின் இலைகள் செக்கச் சிவக்கும்போது, அவற்றைக் காண்பதற்கென்றே தொலைவிலிருந்து மக்கள் திரளுகின்றனர். அத்தகைய இலையுதிர்காலம் நமக்கு இல்லை. நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலமாகும். சேர்வராயன் மலையில் அப்போது சிவப்பவை காப்பிப் பழங்கள்!

மலைப்பாதையில்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். சென்ற ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், மதரஸா மாணவர்கள் பன்னிருவரை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அதிகாலையில் புறப்பட்டேன். அடிவாரத்தில் மூங்கிலும் முட்புதரும் கண்ணில் பட்டன. வளைவுகள் ஏற ஏறக் காற்றின் குணம் மாறியது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்திருந்த நேரம் அது. கோடையில் வறண்டு கிடக்கும் பாறை இடுக்குகளிலெல்லாம் நீர் வழிந்துகொண்டிருந்தது. பத்தாவது வளைவுக்கு மேல் மூடுபனி வண்டியைச் சூழ்ந்துகொள்ள, மாணவர்களின் கூச்சல் தானாகவே அடங்கியது.

ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்னும் பெயர் வந்தது என்பர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் இது. நடுவில் உள்ள ஏரியின்மேல் காலைப் பனி மெல்லக் கலையும் காட்சியைக் கோடையில் வருவோர் காண்பதரிது.

காப்பி வந்த வழி

வாசகர்களே, நாம் அன்றாடம் அருந்தும் காப்பிக்கும் நம் சமுதாயத்திற்கும் நெடிய உறவுண்டு என்பதை அறிவீர்களா? 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டுச் சூஃபியாக்கள் இரவு வணக்கத்தில் உறக்கம் வராதிருக்க இதனை அருந்தினர். ‘கஹ்வா’ என்னும் அரபுச் சொல்லே உலக மொழிகள் பலவற்றில் காப்பியெனத் திரிந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பாபா புதன் என்னும் பெரியார், யமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து கர்நாடகத்தின் சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழிச் செய்தி. அந்த மலை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

சேர்வராயன் மலையில் காப்பியைப் பயிராக்கியவர், 1820களில் சேலம் மாவட்டக் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன். அவர் காலத்தில் பேரி முதலிய பழ மரங்களும் இங்கே வந்தன. இவையனைத்திற்கும் முன்பிருந்தே இம்மலையில் வாழ்ந்து, சாமையும் கேழ்வரகும் பயிரிட்டவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர் என்பதே அதன் பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தமிழிலேயே அவர்கள் கூறுகின்றனர்.

தலைச்சோலையில் கற்ற பாடம்

ஏற்காட்டைக் கடந்து தலைச்சோலைப் பக்கம் சென்றோம். தெரிந்த ஒருவரின் உதவியால் சிறு தோட்டமொன்றைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. வானளாவிய சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள். அந்த மரங்களையே கொழுகொம்பாகப் பற்றி ஏறிய மிளகுக் கொடிகள். ஒவ்வொரு கிளையிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களிலும் பழங்கள் கொத்துக் கொத்தாய் இருந்தன. மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழையில் மல்லிகை போல் மணக்கும் வெண்பூக்கள் பூத்து, எட்டு ஒன்பது மாதம் கழித்தே அவை பழமாகின்றன. ஒரே செடியில் எல்லாம் ஒன்றாகப் பழுப்பதில்லை. ஆகவே நவம்பர் முதல் ஜனவரி வரை அதே செடிக்கு மூன்று நான்கு முறை வந்து, பழுத்தவற்றை மட்டும் விரலால் பொறுக்கிப் பறிக்க வேண்டும்.

நான் இவற்றை விளக்கிக்கொண்டிருந்தபோதே அந்தத் தவறு நிகழ்ந்தது. மாணவன் ஒருவன், ஊருக்கு எடுத்துச் சென்று காட்டும் ஆசையில், காய்த்துக் குலுங்கிய கிளையொன்றை ஒடித்துவிட்டான். பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த முதிய பெண்மணி நிமிர்ந்தார். கோபிக்கவில்லை. கிளையை வாங்கிச் சிவந்த பழங்களை மட்டும் உருவித் தம் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, எஞ்சியதை என்னிடம் நீட்டினார்.

“பாய், இந்தப் பச்சையெல்லாம் இன்னும் மூணு வாரம் பொறுத்தா பழமாயிருக்கும். கிளை போச்சுன்னா அடுத்த வருசக் காய்ப்பும் போச்சு. எனக்கு எடை போட்டுத்தான் கூலி. பச்சை கலந்தா கழிச்சிடுவாங்க. புள்ளைக்கு என்ன தெரியும், நீங்க சொல்லிக் கொடுங்க.”

உழைப்பாளியின் கூலி பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பாடம் நடத்துபவன் நான். தோட்டத்துக்குள் நுழையுமுன் ஒரு சொல் எச்சரிக்கை கூறத் தவறியவனும் நானே. “மன்னிச்சுக்குங்க பாட்டி” என்றேன். அந்த மாணவனுக்கோ கண்கள் கலங்கிவிட்டன. தண்டனை எதுவும் தரவில்லை. பதினொரு மணி வரை பழுத்ததை மட்டும் பறித்துப் பாட்டியின் பையில் போடுங்கள் என்று பன்னிருவரையும் பணித்தேன். பன்னிரண்டு சிறுவர்கள் சேர்ந்து ஒரு மணி நேரம் பறித்தும் பாதிச் சாக்குகூட நிரம்பவில்லை! ஆறு கிலோ பழத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ காப்பிக்கொட்டையே தேறும் என்று மேஸ்திரி கூறியபோது, மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

பறித்த பழத்தை அன்றே இயந்திரத்தில் இட்டுத் தோல் நீக்கி, ஓரிரவு ஊறவைத்துக் கழுவி, களத்தில் ஒரு வாரத்திற்கு மேல் உலர்த்துகின்றனர். அவ்வேளையில் மழை பெய்தால் தார்ப்பாய்களுடன் ஓட வேண்டும். உலராத கொட்டை பூஞ்சை பிடித்துவிடும். நிழல் குறைந்து வெயில் ஏறினாலோ தண்டுத் துளைப்பான் வண்டு செடியையே அழித்துவிடும். வானமும் சந்தையும் ஒருசேர இரங்கினால்தான் விவசாயிக்கு வாழ்வு. பிரேசிலின் வறட்சி முதலிய காரணங்களால் 2025 பிப்ரவரியில் அரபிகா காப்பியின் உலகச் சந்தை விலை முன்னெப்போதும் காணாத உயரத்தைத் தொட்டது. “விலை ஏறிச்சாமே பாட்டி?” என்று கேட்டேன். “ஏறினது சொல்றாங்க பாய். என் கூலி ஏறினப்போ நானே சொல்றேன்” என்று சிரித்தார்.

சந்தையில்

ஏற்காடு பள்ளிவாசலில் ஜுமுஆ தொழுதபின் கடைவீதிக்கு வந்தோம். கூதிர்காலத்தின் கொடையை அங்கே காணலாம். மலை வாழை, கொய்யா, சௌசௌ, பச்சை மிளகுக் கொத்து, மலைத்தேன், சிறிய கமலா ஆரஞ்சு எல்லாம் சாக்கு விரிப்பில் குவிந்திருந்தன. ஆரஞ்சு விற்றவர், தம் தந்தை காலத்தில் கூடை கூடையாய் இறங்கிய பழம் இன்று அருகிவிட்டதென்றும், மரங்கள் நோயால் பட்டுப்போயின என்றும் கூறினார். வறுத்துப் பொடித்த காப்பித்தூளின் மணம் வீதியெங்கும் கமழ்ந்தது. வாங்கும்போது தூளில் சிக்கரி எவ்வளவு கலந்துள்ளது என்று கேட்டு வாங்குங்கள்.

கிளியூர் அருவி இப்பருவத்தில்தான் அருவியாக இருக்கிறது. கோடையில் வருவோர் பாறையைப் பார்த்துத் திரும்புவர். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில், பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைச் செடியை மாணவர்கள் இமைக்காமல் நோக்கினர். மாலை மங்கியபின் லேடீஸ் சீட் முனையிலிருந்து பார்த்தால், கீழே சேலம் நகரம் விளக்குகளாய் விரிந்து கிடக்கிறது.

பருவமும் விழாவும்

கார்த்திகையில் மலை வீடுகளின் திண்ணைகளில் அகல் விளக்குகள் எரிகின்றன. தை பிறந்தால் பொங்கல். சேர்வராயன் குகைக் கோயிலின் பெருவிழா மே மாதத்தில். அவர்தம் விழாக்கள் பருவத்தோடு பிணைந்தவை. நம் பெருநாள்களோ பிறையைத் தொடர்வதால் ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. காப்பி பூக்கும் நாளிலும் ஒரு பெருநாள் வரும். காப்பி பறிக்கும் நாளிலும் ஒரு பெருநாள் வரும்.

வாசகர்களே! அடுத்த கூதிர்காலத்தில் உங்கள் பிள்ளைகளோடு ஒருமுறை சென்று வாருங்கள். கம்பளி ஆடையும் குடையும் மறவாதீர்கள். பிளாஸ்டிக் பைகளை மலையில் விட்டு வராதீர்கள். தோட்டத்தில் கை வைக்குமுன் அங்கு உழைப்போரிடம் கேளுங்கள்.

திரும்பும் வழியில் அந்த மாணவன் என்னருகே வந்தமர்ந்தான். ஒடித்த கிளையிலிருந்த பச்சைக் காய்களைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தான். “இது முளைக்குமா உஸ்தாத்?” என்றான். பழுக்காத காய் முளைக்காது என்றேன். சற்று நேரம் பேசாதிருந்து, “அப்படியானால் அடுத்த வருடமும் போவோம். பாட்டிக்குப் பறித்துக் கொடுப்போம்” என்றான்.

இன்ஷா அல்லாஹ், செல்வோம்.