அரைப்பட்டை மாத்திரையும் அரை நாள் கூலியும்

நம் சேரிகளில் தொண்டை வலி, காய்ச்சல் என்றால் முதலில் போவது தெருமுனை மெடிக்கலுக்குத்தான். “ரெண்டு வேளைக்குக் குடுங்க” என்று கேட்டால், பட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். பல நேரம் அதில் ஒன்று அமாக்சிசிலினாக இருக்கும்.

அது பெனிசிலின் குடும்பத்து மருந்து. பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. சாதாரண சளியும் ஃப்ளூ காய்ச்சலும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு இதை விழுங்குவது வீண். சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கவே கூடாது. அதற்கு அடையாளமாகப் பட்டையில் சிவப்புக் கோடு இருக்கும். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும்கூட மிஞ்சுவதில்லை.

“படிக்காத சனம், விழிப்புணர்வு இல்லை” என்பார்கள். நாங்கள் வேலை செய்யும் குடியிருப்புகளில் பெண்களிடம் கேட்டோம். “ஆஸ்பத்திரி வரிசையில நின்னா அரை நாள் கூலி போச்சு. எந்தத் தெருன்னு சொன்னதும் அவங்க பேச்சே மாறிடும்” என்றார்கள். இது அறியாமை அல்ல, கணக்கு. சமூகவியல் வகுப்பில் இதற்கு நீளமான பெயர்கள் படித்தோம். எதிலும் அந்த அரை நாள் கூலி இல்லை.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945லேயே தன் நோபல் உரையில் எச்சரித்தார்: யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கும் காலம் வரலாம், குறைந்த அளவில் சாப்பிட்டால் கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று. அப்படிப் பழகிய கிருமி வந்தால், விலை அதிகமான அடுத்த மருந்துக்குக் கடன் வாங்கப்போவதும் நாம்தான்.

ஆகவே தோழர்களே, இவற்றை வீட்டில் சொல்லிவையுங்கள். முன்பு பெனிசிலின் வகை மருந்தால் தடிப்போ வீக்கமோ வந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் சொல்லுங்கள். விழுங்கியபின் முகம், உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே 108ஐ அழையுங்கள். லேசான வயிற்றுப்போக்கு வரலாம். கடுமையாகப் போனாலோ ரத்தம் கலந்தாலோ காத்திருக்க வேண்டாம். சீட்டில் எழுதிய அளவை, எழுதிய நாள்வரை சாப்பிடுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாக வேண்டாம். மீந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை மருந்துப் பொடியைக் காய்ச்சி ஆறிய நீரில் கலந்து, ஒவ்வொரு முறையும் குலுக்கிக் கொடுங்கள். அளவு எடையைப் பொறுத்தது. அக்காவின் பாட்டில் தம்பிக்கு ஆகாது.

அரசு மருத்துவமனை மாத்திரை தருமம் அல்ல, நம் வரிப்பணம். நாம் கேட்க வேண்டியது இரண்டு: வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில் சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்க வேண்டும், எந்தத் தெரு என்று கேட்காமல் நம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இந்த இரண்டையும் தீர்மானமாக எழுதவைப்போம்.