தரம் 11 வரை இலவசம்

அளவெட்டியின் செம்மண் தோட்டங்களைத் தாண்டி ஒழுங்கைக்குள் திரும்பினேன். பாடசாலை விட்டுக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. அதற்குள் அந்த ரியூசன் கொட்டிலின் முன்னால் சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. உள்ளே நீள வாங்குகளில் சீருடை மாற்றாத பிள்ளைகள் நெருக்கியடித்து இருந்தார்கள். தகரக் கூரையின் சூடு தலையில் இறங்க, ஒலிவாங்கியில் பௌதிகவியல் நடந்துகொண்டிருந்தது.

மதிலோரம் மகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு தாய் நின்றார். "எத்தனை இடத்துக்குப் போறா அக்கா?" என்று கேட்டேன்.

"மூண்டு பாடம், மூண்டு இடம் தம்பி. மாதம் பிறந்தா முதல் காசு அதுக்குத்தான். அண்ணன்ர பெடியன் நோர்வேல படிக்கிறான், புத்தகத்துக்கும் காசில்லையாம். தங்கச்சியின்ர மகள் சுவிசில வேலை பழகிக்கொண்டே படிக்கிறாள், சம்பளமும் குடுக்கினம்."

மூன்று நாடுகளின் கல்விச் செலவை அந்த மதிலோரத்திலேயே அவர் ஒப்பிட்டுவிட்டார்.

நோர்வேயில் 1994 சீர்திருத்தத்தின் பின், கட்டாயக் கல்வியை முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று வருட உயர் இடைநிலைக் கல்வி சட்டப்படி உரிமை. 2007 முதல் படிப்படியாகப் பாடநூல்களும் இலவசமாயின. சுவிசில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பாடசாலை, மிச்ச நாள் நிறுவனத்தில் வேலை. இந்தத் தொழிற்கல்வியின் பொதுச் செலவில் கால்வாசியைக் கூட்டாட்சி அரசு ஏற்பது என்று அங்கே சட்டமே வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது; மிச்சத்தைப் பெரும்பாலும் கன்ரோன்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் பயிற்சிக்கு நிறுவனம் போடுகிற காசும் பிள்ளைக்குக் கொடுக்கிற சம்பளமும் அரசின் செலவுக் கணக்கில் வராது. ஒரு மாணவருக்கு அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்று இரு நாட்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்புச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் கணக்கிலும் ஒரு தொகை விடுபடுகிறது. அது இந்தத் தாயின் காசு.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி, இலங்கையின் பெருமைகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. 1980 முதல் பாடநூல்களும் இலவசம். ஆனால் அந்தப் புத்தகங்கள் தரம் 11ஓடு நின்றுவிடுகின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளி தசமத்தில் தீர்மானமாகும் உயர்தரத்தில்தான் பிள்ளை கைக்காசு கொடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் வேண்டும் என்று 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள். அரசின் செலவு அதன் பிறகும் 2 வீதத்தை ஒட்டியே கிடக்கிறது. சுமார் 10,000 அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஏறக்குறைய 1,000 மட்டும்.

திரும்பும் வழியில் ஒரு பாடசாலைக்குள் போனேன். வகுப்பறைக் கட்டடத்தின் சுவரில் கருங்கல் பலகை: வெளிநாட்டில் வாழும் குடும்பமொன்று பெற்றோர் நினைவாகக் கட்டிக் கொடுத்தது. ஊரை மறக்காத அந்த மனங்களுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் உறவினர் வெளியில் இல்லாத ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பலகை எங்கிருந்து வரும்?

தொகைமதிப்புத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின அளவீடு ரியூசன் காசையும் கேட்டுப் பதிகிறது. வரவு செலவுத் திட்டத்தில் அரசு கல்விக்கு ஒதுக்கும் தொகையை வாசிக்கும்போது, அந்த ரியூசன் தொகையையும் சேர்த்து வாசிக்கட்டும். உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: தரம் 12, 13 பிள்ளைகளுக்கும் புத்தகத்தை இலவசமாகக் கொடுங்கள்.