தாகம் கூறும் கணக்கு

"நாளொன்றுக்கு எட்டுக் குவளை தண்ணீர் பருகவேண்டும்" என்று மொன்றியலிலும் பலர் கூறக் கேட்கிறோம். 1945ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, போசாக்குச் சபை, வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் நீர் தகுமென்றது. அதிற் பெரும்பகுதி உணவிலேயே உண்டென்றும் உரைத்தது. பின்னைய கூற்றைப் பலரும் மறந்துவிட்டனர். 2004இல் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொதுவாக வகுத்த அளவு ஆணுக்கு 3.7 லீற்றர், பெண்ணுக்கு 2.7 லீற்றர். நாம் அருந்தும் தேநீரும், உண்ணும் சொதியும், கஞ்சியும், பழமும் இக்கணக்கினுள் அடங்கும்.

ஆகவே, உடல்நலமுடையோருக்குத் தாகமே பெரும்பாலும் தக்க வழிகாட்டி. யாழ்ப்பாணத்து வெயிலில் அது உரத்துக் கூறும். மொன்றியற் பனிக்காலத்தில் மெல்லவே கூறும். வெளியே கடுங்குளிர், வீட்டினுள்ளே வெப்பமூட்டிய வறண்ட காற்று. மூச்சோடு நீர் வெளியேறுவதை நாம் உணர்வதில்லை. முதுமையிலோ தாகவுணர்வே குன்றிவிடுகிறது. எங்கள் அம்மம்மாவிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பார்; கையிற் கொடுத்தால் முழுவதையும் பருகிவிடுவார்.

மாணவச் செல்வங்களே! மருத்துவர் நீரை மட்டுப்படுத்தியிராவிடின், வீட்டிலுள்ள முதியோர் கேட்குமுன்னரே ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். சற்று நேரம் அருகிருந்து தமிழிற் பேசுங்கள். அவ்விரண்டும் அவர்களுக்குத் தேவை.