எழுத்தின் மேல் ஒரு கோடு

சில தவறுகளை மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துவிடலாம். சிலவற்றை எழுதித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. இது இரண்டாம் வகை.

எங்கள் கல்லூரியில் மின்னணுவியல் மாணவர்களுக்கும் முதலிரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பாடம் உண்டு. அப்படி என் வகுப்பில் இருந்த ஒருவன், மூன்றாமாண்டில் ஒரு மாலை துறைக்கு வந்து தயங்கி நின்றான். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. கையில் இரண்டு பக்க ஜெராக்ஸ். "ஐயா, இந்த இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் சொல்லித் தாங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். தன் துறையில் கேட்கக் கூச்சம் போலும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1982-இல் அறிவித்த டிஎம்எஸ் 32010 என்ற சில்லின் கால்களைப் பற்றிய பக்கங்கள் அவை. ஒலி போன்ற குறிப்பலைகளை எண்களாகப் பெற்று, இடைவிடாமல் பெருக்கியும் கூட்டியும் வேண்டியதை வடித்தெடுக்கும் செயலி அது. ஒரு பெருக்கலுக்கு அது எடுத்துக்கொண்ட நேரம் 200 நானோ வினாடி. ஒரு வினாடிக்குள் ஐம்பது லட்சம். இன்றைய சில்லுகளின் முன் இது ஒன்றுமில்லை. ஆனால் இன்றைய சில்லுகளின் மயிரிழைக் கால்களைக் கையால் பற்றவைக்க ஒரு மாணவனால் ஆகாது. இதற்கோ பூரானைப்போல இரு பக்கமும் இருபது இருபதாக நாற்பது கால்கள். பிரெட்போர்டில் அழுத்திச் செருகிவிடலாம். ஆய்வக அலமாரியில் கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தான். பேச்சொலியில் கலந்த இரைச்சலை நீக்குவது அவன் திட்டம்.

நாற்பது கால்களுக்கும் பெயர், பணி, அது உள்வாங்கும் காலா வெளியிடும் காலா என்ற குறிப்பு என மூன்று பத்திகளில் அட்டவணை. படிக்கப் படிக்க எனக்கு அது ஓர் இலக்கண நூலாகவே தோன்றியது. பன்னிரண்டு கால்கள் முகவரி சொல்பவை. அவற்றைக் கொண்டு 4096 நினைவிடங்களைச் சுட்டலாம். பதினாறு கால்கள் தரவைச் சுமப்பவை. வருவதும் போவதும் அவற்றின் வழியே. இரண்டு கால்கள் மின்சாரத்துக்கு, மூன்று கடிகாரத் துடிப்புக்கு. எஞ்சிய ஏழும் கட்டளைக் கால்கள். முகவரிக் கால்களில் மூன்றுக்கு இரட்டைப் பெயர். நினைவகத்தோடு பேசும்போது அவை முகவரியின் கடைசி மூன்று இலக்கங்கள். வெளிக்கருவிகளோடு பேசும்போது எட்டு வாயில்களில் எது என்று சொல்பவை. 'மாலை' என்ற சொல் பூவோடு வந்தால் ஒன்று, பொழுதோடு வந்தால் ஒன்று என்று அவனுக்கு விளக்கினேன். சிரித்தான். எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில்தான் தவறு நேர்ந்தது. அவன் நோட்டில் நாற்பது வரிகளையும் நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். சுவையாக இருந்ததால் ஜெராக்ஸைப் படிப்பதற்கென்று நானே வைத்துக்கொண்டேன். சில கால்களின் பெயர் எழுத்துகளுக்கு மேலே மெல்லிய கோடு ஓடியது. நகலில் அது அரைகுறையாகத்தான் விழுந்திருந்தது. அட்டவணைக் கட்டத்தின் மிச்சம் என்றோ, அச்சு அலங்காரம் என்றோ எண்ணி விட்டுவிட்டேன். 'ஆர்எஸ்' என்ற காலுக்கு நேரே, 'ரீசெட். இதில் குறிப்பு வந்தால் சில்லு தொடக்கத்துக்குத் திரும்பும்' என்று தெளிந்த தமிழில் எழுதினேன்.

அந்தக் கோடு அலங்காரம் அல்ல. மேலே கோடு இருந்தால், அந்தக் காலில் மின்னழுத்தம் இல்லாதபோதுதான் அதன் பணி நடக்கிறது என்று பொருள். 5 வோல்ட் இருந்தால் அது ஓய்வு. பூச்சியமானால் அதுவே ஆணை. பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிரும்போது கம்பி மேலேயே நிற்கும். யாரேனும் ஒருவர் கீழே இழுத்தால் போதும், செய்தி போய்விடும். பழைய மின்சுற்றுகளுக்கு இழுத்துப் பிடிப்பது உந்திக் கொடுப்பதைவிட எளிது என்பதும் ஒரு காரணம். அந்த ஏழு கட்டளைக் கால்களில் ஆறுக்குத் தலைமேல் கோடு உண்டு. ஏழாவதன் பெயர் இரு பாதி. கோடு பின்பாதிக்கு மட்டும். ஆக, ஆறரைக் கோடுகள். இவையெல்லாம் பிறகு மின்னணுவியல் துறை நண்பர் சொல்லித் தெரிந்துகொண்டவை.

தேர்வாளர் வந்த அன்று அவன் மின்சாரம் கொடுத்தான். ரீசெட் காலில் ஒரு பொத்தான் வைத்திருந்தான். அழுத்தினால் 5 வோல்ட், விட்டால் பூச்சியம். என் நோட்டின்படி அது சரி. உண்மையில் பொத்தானைத் தொடாத நேரமெல்லாம் அந்தச் சில்லு 'தொடக்கத்துக்குத் திரும்பு' என்ற ஆணையிலேயே கட்டுண்டு கிடந்தது. முகவரிக் கால்களில் அசைவே இல்லை. அவன் பதறிப் பதறிப் பொத்தானைத் தட்டினான். அவன் விரல் அழுத்தியிருந்த அந்தச் சில கணங்கள் மட்டும் அது ஓடியிருக்கும்; விரலை எடுத்ததும் நின்றிருக்கும். அதைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. 'அடிப்படையே தெரியவில்லை' என்றாராம் தேர்வாளர்.

மறுநாள் அவனே பிழையைக் கண்டுபிடித்துவிட்டான். என்னிடம் வந்து, "ஐயா, ஒரு கோடு விட்டுப்போச்சு" என்றான். அவ்வளவுதான். மேற்கோட்டின் பொருளை வகுப்பில் படித்தவன்தானே, ஏன் ஐயப்படவில்லை என்று கேட்டேன். "நீங்க எழுதியிருந்தீங்க, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான். தேர்வாளரிடமோ தன் ஆசிரியர்களிடமோ என் பெயரை அவன் சொல்லவே இல்லை என்று நண்பர் வழியாக அறிந்தேன். நான் போய்ச் சொன்னபோது மதிப்பெண் பட்டியல் அனுப்பப்பட்டுவிட்டது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அதே வாரத்தில் முதுகலை வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் சுவடிப் பதிப்பு. மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி வேண்டும் என்கிறது தொல்காப்பியம். ஏட்டில் எழுதியவர்களோ ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. அதனால் சுவடியில் 'எரி'யும் 'ஏரி'யும் ஒரே வடிவம். தீயா நீரா என்பதை இடம் நோக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். உ.வே. சாமிநாதையர் போன்றோர் இந்தப் புள்ளியில்லாத காட்டுக்குள் நடந்துதான் நமக்கு நூல்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு புள்ளிக்காக அவர்கள் பல ஏடுகளை ஒப்புநோக்கியதை உணர்ச்சி பொங்கச் சொல்லிவிட்டு, மாலையில் உட்கார்ந்து ஆறரைக் கோடுகளை விட்டெழுதியவன் நான். என் மொழியின் குறி என்றால் உயிர், பிறர் துறையின் குறி என்றால் அலங்காரம் என்று எனக்குள் ஒரு மமதை இருந்திருக்கிறது.

பின்னர் ஒரு மாலை ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் அந்தச் சில்லு ஓடுவதைக் காட்டினான். ஓசிலாஸ்கோப்பின் பச்சைத் திரையில் முகவரிக் கால்கள் ஒவ்வொன்றாகத் துடித்தன. விடைபெறும்போது நோட்டை எனக்கே தந்துவிட்டான். அது என் மேசையில் இருக்கிறது. என் எழுத்தில் எதையும் அவன் அடிக்கவில்லை. ஏழு பெயர்களின் மேல் மட்டும், சிவப்பு மையில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறான். ஏழாவது, பாதிப் பெயருக்கு மட்டும்.