தவறான விடையின் தர்க்கம்

கற்பித்தல் தொழில்நுட்ப வடிவமைப்பு பயிலும் முதுகலை மாணவர்களாகிய நாங்கள் முதலில் படித்தது உளவியலாளர் ஸ்கின்னரை. 1953இல் மகளின் வகுப்பறைக்குச் சென்றவர், கணக்குப் போட்ட பிள்ளைகள் விடை சரியா என்றறியக் காத்திருப்பதைக் கண்டார்; 1954இல் அதை உடனே தெரிவிக்கும் இயந்திரத்தை முன்வைத்தார். அந்த அக்கறை எங்களுக்குப் பிடித்திருந்தது.

ஆனால், 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்றெழுதும் குழந்தைக்குத் 'தவறு' என்ற சொல் போதுமா? ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது அது. 1978இல் பிரௌனும் பர்ட்டனும் இத்தகைய பிழை விதிகளை ஆராய்ந்து எழுதினார்கள்.

இப்போது பாடமொன்றை வடிவமைக்க அமர்ந்தால், பிள்ளைகள் எழுதக்கூடிய தவறான விடைகளையே முதலில் பட்டியலிடுகிறோம். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குழந்தை யோசித்திருக்கிறது. அந்த யோசனையை அறியாத கருவி எத்தனை விரைவாகப் பதில் சொல்லி என்ன பயன்?