புல்தரை என்னும் இன்னோர் ஆள்

காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தமிழ்நாட்டின் பங்கிலிருந்து 14.75 டி.எம்.சி. நீரைக் குறைத்துக் கர்நாடகத்திற்கு அளித்தது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரு மாநகரின் தேவைக்கென்று தனியே குறிக்கப்பட்டது. மாநகரின் மூன்றிலொரு பங்குதான் காவிரி வடிநிலத்துக்குள் அமைந்துள்ளது என்று 2007இல் நடுவர் மன்றம் வரைந்த எல்லையை நீதிமன்றம் ஏற்கவில்லை. குடிநீர்த் தேவை பிற தேவைகளுக்கெல்லாம் மேலானது என்பதே அதன் வாதத்தின் அடிப்படை. நீர்ப் பங்கீட்டுத் தீர்ப்புகளை ஆய்வுப் பொருளாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த அடிப்படையை நான் மறுக்கவில்லை. தாகத்துக்கு வடிநில எல்லை தெரியாது.

ஆனால் தீர்ப்பு எந்தச் சொல்லின்மேல் நிற்கிறதோ, அந்தச் சொல்லை நாம் எவ்வாறு செலவழிக்கிறோம் என்பதும் ஆய்வுக்குரியதே. 4.75 டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 13,450 கோடி லிட்டர். குடிப்பதற்கென்று பெறப்பட்ட நீர் அது. சென்ற வாரம் தானியங்கித் தெளிப்பான்களைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிகளுக்கு, “வீட்டுப் புல்தரையில் இவ்வளவு அரசியல் இருக்கிறதா?” என்று நண்பர் ஒருவர் பின்னூட்டமிட்டிருந்தார். இருக்கிறது. அதனை விரிவாக எழுதுவதே இப்பதிவின் நோக்கம்.

நான் குடியிருப்பது ஆஸ்டின் டவுனில். அரசு ஏடுகளில் இதன் பெயர் எஃப். கிட்டெல் நகர், 1894இல் கன்னட–ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டெலின் நினைவாக வைக்கப்பட்டது. ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் கால்பந்துப் பிள்ளைகளுக்கும் இது இன்றும் ஆஸ்டின் டவுன்தான். தமிழும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி. இங்குக் குழாயில் வரும் நீர், மண்டியா மாவட்டத்தின் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்து, மூன்று நிலைகளில் 500 மீட்டர் அளவுக்கு மேலேற்றப்பட்டு வருவது. 1,000 லிட்டரை 500 மீட்டர் உயர்த்த, இழப்பு எதுவுமே இல்லை என்று கொண்டாலும், 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். இப்பகுதியின் கழிவுநீரோ காவிரிக்குத் திரும்புவதில்லை. அது கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் வழியே கிழக்கே இறங்குகிறது. ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டு, 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. எஞ்சியது பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து ஓசூருக்குப் போகிறது. காவிரியில் எடுத்துப் பெண்ணையில் விடும் நகரம் இது.

என் அறைக்குக் கீழே, வீட்டுக்கார அம்மாவின் முற்றத்தில், 27 சதுர மீட்டர் அளவில் ஒரு புல்தரை உண்டு. வெளிநாட்டில் பணிபுரியும் மகன் விடுமுறைக்கு வந்தபோது அமைத்துத் தந்தது. மண்ணுக்குள் புதைந்திருந்து, நீரழுத்தம் வந்ததும் தலையை நீட்டும் நான்கு தெளிப்பான்கள். மின்காந்த வால்வு ஒன்று. சுவரில் டைமர் பெட்டி. நாள்தோறும் காலை 7 மணிக்கு 20 நிமிடம் அது தானே இயங்கும். அம்மா கோலார் தங்கவயல் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்த தண்ணீருக்கு முறைவைத்துக் குடம் நிறுத்தியவர். 2024 ஜனவரியில், தண்ணீர் லாரியின் விலை ஏறத் தொடங்கிய நாட்களில், அவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, நீங்க தண்ணிக் கணக்குதானே படிக்கிறீங்க? இந்தப் புல்லு ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க.”

பார்க்கும் முறை எளிது. அடியும் வாயும் ஒரே அகலமுடைய டம்ளர்கள் பதினாறைப் புல்தரை முழுவதும் சம இடைவெளியில் வைத்தோம். தெளிப்பான் 20 நிமிடம் ஓடி நின்றபின், ஒவ்வொன்றிலும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது சரியாக ஒரு லிட்டர். இந்த ஒரு சமன்பாடு போதும். சராசரி 13 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வந்தது. ஆக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 360 லிட்டர். நம் நாட்டின் நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்கள் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைக்கும் அளவு 135 லிட்டர். இரண்டரை ஆளுக்கும் அதிகமான நீரைப் புல் குடித்துக்கொண்டிருந்தது.

அதைவிட வியப்பளித்தது, அந்நீர் விழுந்த விதம். மிகக் குறைவாக நிறைந்த நான்கு டம்ளர்களின் சராசரி 6 மில்லிமீட்டர்தான். மொத்தச் சராசரியில் பாதிக்கும் கீழ். கிழக்கு மூலை எப்போதும் காய்ந்து கிடந்ததற்கும், அம்மூலையைப் பசுமையாக்கவே 20 நிமிடம் வைக்கப்பட்டதற்கும் காரணம் இதுவே. ஒரு மூலையின் வறட்சியை நீக்க, மற்ற மூன்று மூலைகளையும் மூழ்கடித்திருக்கிறார்கள். பாசன இயலில் இதனைப் பரவல் சீர்மை என்பர். ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் காலடி வரை எட்டவேண்டும் என்பது அதன் முதல் விதி. இங்கே ஒன்று தள்ளி நடப்பட்டிருந்தது. இன்னொன்றின் துளையை ஆழ்துளைக் கிணற்றின் உப்பு அடைத்திருந்தது. தள்ளி நின்றதை இடம் மாற்றி, அடைபட்டதை வினிகரில் ஊறவைத்துத் துலக்கியதும், டம்ளர்க் கணக்கில் சீர்மை 70 விழுக்காட்டை எட்டியது.

அடுத்தது தேவை. பெங்களூருவின் கோடைத் தொடக்கத்தில் நிலமும் இலையும் சேர்ந்து ஆவியாக்கும் நீர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவு. அறுகு இனப் புற்களுக்கு அதில் பத்தில் ஏழு பங்கு போதும், அதாவது 3.5 மில்லிமீட்டர். அதையும் நாள்தோறும் தருவது நல்லதன்று. மேலாகவே ஈரம் கிடைத்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை ஆழமாக நனைத்தால், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். எனவே மூன்று நாளைக்கு 10.5 மில்லிமீட்டர், பரவலில் உள்ள குறையை ஈடுசெய்யப் 15 மில்லிமீட்டர். அதனை ஒரே மூச்சில் தெளித்தால், இறுகிய செம்மண் குடிக்கும் வேகத்தை மீறி நடைபாதைக்கு ஓடும். ஆகவே ஏழெட்டு நிமிடமாக மூன்று தவணை. இடையில் அரை மணி ஓய்வு. நேரம் காலை 7 அன்று, விடியுமுன் 5 மணி. அப்போது காற்று குறைவு, வெயில் இல்லை. மாலையில் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும்.

டைமருக்கு மழை தெரியாது. கொட்டும் மழையிலும் தெளிப்பான் இயங்கும் காட்சியை இந்நகரில் பலரும் கண்டிருப்பீர்கள். மழையுணரி என்னும் சிறு கருவிக்குள் இருக்கும் வட்டுகள் நனைந்து உப்பி மின்சுற்றைத் துண்டிக்கும். காய்ந்து சுருங்கியதும் மீண்டும் இணைக்கும். அதையும் பொருத்தினோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில், ஜூன் முதல் அக்டோபர் வரை தெளிப்பானுக்குப் பெரிதாக வேலையே இருக்கக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு கணக்கிட்டேன். மூன்று நாளைக்கு 405 லிட்டர்; நாளொன்றுக்கு 135 லிட்டர். 360 லிட்டரிலிருந்து இவ்வளவு குறைந்தது பெரிய வெற்றிதான். ஆயினும் எஞ்சிய எண் சரியாக ஓர் ஆளின் அளவாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், “அப்ப வாடகை குடுக்காத ஆள் ஒருத்தர் வாசல்ல படுத்திருக்காருன்னு சொல்லுங்க” என்றார்.

திறன் என்பது ஒரு பணியைக் குறைந்த செலவில் செய்து முடிக்கும் ஆற்றல். அப்பணி செய்யப்பட வேண்டியதுதானா என்னும் வினாவுக்கு அதனிடம் விடையில்லை. அந்த வினா எங்கள் தெருவுக்குள் விரைவிலேயே வந்தது. 2024 மார்ச்சில், மாநகரின் அரசு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வறண்டுவிட்டதாக அரசே அறிவித்த நிலையில், பெங்களூரு குடிநீர் வாரியம் தோட்டத்துக்கும் வாகனம் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். “எங்கள் வீட்டில் தெளிப்பது போர்வெல் தண்ணீர்தான்” என்ற மறுமொழி பல வாயில்களில் கேட்டது. ஆனால் இங்குள்ள பெரும்பாலான வீடுகளைப் போலவே, எங்கள் வீட்டிலும் காவிரியும் போர்வெல்லும் ஒரே சம்ப்பில்தான் விழுகின்றன. மோட்டார் அவற்றைப் பிரித்தறியாது. மேலும், இரண்டு தெரு தள்ளிப் பொதுக்குழாயில் குடத்துடன் நிற்பவருக்கு வேண்டியதும் அதே நிலத்தடி நீர்தான்.

அம்மா டைமரை அணைத்தார். புல் மடியவில்லை. அறுகின் இயல்பு பலருக்கும் தெரியும்: மேலே பழுத்து உறங்கினாலும் அடித்தண்டும் வேர்க்கணுவும் உயிருடன் இருக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 மில்லிமீட்டர் கிடைத்தால் அது காத்திருக்கும். துணி அலசிய நீரை வாளியில் எடுத்து ஊற்றினோம். அந்நீரைத் தெளிப்பானில் விடக்கூடாது, நுண்துளிகளாகக் காற்றில் பரவி மூச்சுக்குள் போகும். கோடை மழை வரும் வரை முற்றம் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. பார்த்தவர்கள் விசாரித்தார்கள், அம்மா காரணத்தைச் சொன்னார். மழை இறங்கிய சில நாட்களில் பச்சை திரும்பியது.

இப்போது மொட்டைமாடி மழைநீர் தனித்தொட்டியில் சேர்கிறது. தெளிப்பானின் குழாய் அதனோடு மட்டும் இணைக்கப்பட்டுள்ளது. தொட்டி வற்றினால் புல் உறங்கும். அதுவே விதி. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டு, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக நகருக்கு வரத் தொடங்கியபோது, அக்கம்பக்கத்தில் சில தெளிப்பான்கள் மீண்டும் தலை நீட்டின. எங்கள் வீட்டு இணைப்பு மாறவில்லை.

காவிரியின் பெயரால் இந்நகரில் 1991இலும் 2016இலும் நிகழ்ந்தவற்றை இங்குள்ள தமிழர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. குடிநீர் என்ற சொல்லுக்குப் படுகையின் கடைமடை உழவர் தம் பங்கில் ஒரு பகுதியை இழந்திருக்கிறார். அச்சொல்லைக் காப்பாற்றும் கடமை கன்னடர், தமிழர் என்ற வேறுபாடின்றி, குழாயைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது. புல்தரை உள்ள நண்பர்கள் பதினாறு டம்ளர்களை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். வரும் எண்ணை 135ஆல் வகுத்து, உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள்.