மரவீட்டில் ஏறிச் சயாமுக்கு

என் மகனுக்கு வரலாறு பாடம் நான்காம் ஆண்டில்தான் தொடங்கியது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே அவன் எகிப்துக்குப் போய் வந்துவிட்டான். எரிமலை வெடித்த அன்று பொம்பெயி நகரத்தில் இருந்தான். டைட்டானிக் கப்பலில் ஏறி, அது மூழ்குவதற்குள் இறங்கியும் விட்டான். எல்லாம் ஒரு மரவீட்டின் புண்ணியம்.

பிள்ளைகள் உள்ள வீடுகளில் 'மேஜிக் ட்ரீ ஹவுஸ்' புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். மேரி போப் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1992இல் தொடங்கிய வரிசை. ஜாக், ஆனி என்று ஓர் அண்ணனும் தங்கையும். காட்டில் உயரமான ஒரு மரத்தின் மேல் ஒரு வீடு; வீடு நிறையப் புத்தகங்கள். ஏதாவது ஒரு படத்தைத் தொட்டு, அங்கே போக வேண்டும் என்று ஆசைப்பட்டால் போதும். காற்று அடிக்கும், வீடு சுழலும், எட்டிப் பார்த்தால் வேறொரு காலம். அண்ணன் எதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்பவன், கொஞ்சம் பயந்தவன். தங்கை முன்பின் யோசிக்காமல் இறங்கிவிடுபவள். எழுத்து என்று பார்த்தால் நான் இவற்றைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட மாட்டேன். ஆபத்து வரும், நாலு பக்கத்தில் தீர்ந்துவிடும். நடுவில் ஜாக் புத்தகத்தைத் திறந்து தகவல் வாசிப்பான், வாழைப்பழத்துக்குள் மாத்திரையை வைத்துக் கொடுப்பதைப் போல. பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் விழுங்குகிறார்கள்.

பொம்பெயி கதையை மட்டும் அவன் மூன்று முறை படித்தான். கி.பி. 79. வெசுவியஸ் மலை வெடிக்கப்போகும் நாளில் இந்தப் பிள்ளைகள் ஊருக்குள் போய் நிற்கிறார்கள். அவர்களுடைய வேலை ஒரு நூல் சுருளைக் காப்பாற்றிக் கொண்டுவருவது. மூன்றாவது முறை முடித்துவிட்டு, நான் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தான்.

"அம்மா, மலை வெடிக்கப்போவுதுன்னு அவங்களுக்குத் தெரியும்ல. அப்புறம் ஏன் எல்லாரையும் ஓடச் சொல்லல? ஏன் ஒரு புத்தகத்த மட்டும் தூக்கிட்டு வந்தாங்க?"

பாடநூலைப் படித்துவிட்டு இந்தக் கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பாடநூலில் எல்லாம் முடிந்துபோய், எண் போட்டு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மனனம் செய்யலாம், மறுநாள் மறந்துவிடலாம். காலப்பயணக் கதையில் அதே நிகழ்ச்சி இன்னும் நடக்கவில்லை. மலை சும்மா நிற்கிறது, கடைத்தெருவில் ரொட்டி விற்கிறார்கள். என்ன நடக்கும் என்று தெரிந்த ஒரே ஆள், கையில் புத்தகத்தோடு படுத்திருக்கும் உங்கள் பிள்ளை. அந்தத் தெரிதல் அவனை உறுத்துகிறது. வரலாறு ஒருவனுக்குள் போவதற்கு அந்த உறுத்தலை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த வித்தை புதிதும் அல்ல. ஹெச்.ஜி. வெல்ஸ் 1895இல் 'கால இயந்திரம்' எழுதியபோது தன் பயணியை முன்னோக்கித்தான் அனுப்பினார், 802701ஆம் ஆண்டுக்கு. பின்னோக்கிப் போகும் ஆர்வம் சிறுவர் கதை எழுதியவர்களுக்குத்தான் அதிகம் இருந்தது. இ. நெஸ்பிட் 1906இல் வெளியிட்ட 'தாயத்தின் கதை'யில் நான்கு பிள்ளைகள் உடைந்துபோன தாயத்தின் ஒரு பாதியை வைத்துக்கொண்டு, மறு பாதியைத் தேடி எகிப்துக்கும் பாபிலோனுக்கும் போகிறார்கள். நெஸ்பிட் சும்மா கதை அளக்கவில்லை. லண்டன் அருங்காட்சியகத்தில் எகிப்தியப் பொருள்களுக்குப் பொறுப்பாயிருந்த வாலிஸ் பட்ஜிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினார். புத்தகத்தை அவருக்கே காணிக்கையாக்கினார். அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பாபிலோன் அரசி பதிலுக்கு லண்டனுக்கு வந்துவிடுகிறாள். தெருவில் வேலைக்காரர்களைப் பார்த்து, இங்கே அடிமைகளை இவ்வளவு மோசமாகவா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். அடிமைகள் இல்லை, உழைப்பாளிகள் என்று பிள்ளைகள் விளக்க வேண்டியிருக்கிறது. அவள் நம்பினால்தானே!

அலிசன் அட்லி 1939இல் எழுதிய கதையில் பெனலபி என்ற பெண், டார்பிஷயரில் அத்தையின் பழைய பண்ணைவீட்டில் ஒரு கதவைத் திறந்து பதினாறாம் நூற்றாண்டுக்குள் போய்விடுகிறாள். ஸ்காட்லாந்து அரசி மேரியைச் சிறையிலிருந்து மீட்க ஆண்டனி பாபிங்டன் திட்டம் போடுகிறான். அது தோற்கும் என்று பெனலபிக்குத் தெரியும். 1586இல் பாபிங்டனுக்கு மரண தண்டனை என்று படித்திருக்கிறாள். ஆனால் அந்தக் கதையில் அவள் அதிகம் இருப்பது சமையலறையில்தான். மூலிகை உலர்த்துவதும் ரொட்டி சுடுவதுமாய் அங்கே நாள் நகர்கிறது. ராணியைக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் நிற்க முடியும். அவ்வளவுதான் கதை.

நம் மொழியில் வரலாற்றுக் கதை என்றால் குதிரை, வாள், அரண்மனை, சுரங்கப்பாதை. எனக்கு வந்தியத்தேவனை நிரம்பப் பிடிக்கும். படிவம் ஐந்து தேர்வுக்கு முன்னால் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் முடித்த ஆள் நான். ஆனால் அங்கே எல்லோரும் அந்தக் காலத்து ஆட்களே. குளிப்பது எங்கே, காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பத்து வயதுக்காரனுக்கு முதலில் அதுதான் தெரிய வேண்டும்.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனோம். மெர்போக் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல்மேடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். இராஜேந்திர சோழனின் படை 1025இல் கடாரத்தைத் தாக்கியது, தஞ்சைக் கோயில் கல்வெட்டில் அது இருக்கிறது என்று நான் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் மரவீட்டுப் பழக்கத்தில் கேட்டான்: "நாம எங்கம்மா போய் எறங்குவோம்? கப்பல்லயா, கரையிலயா?"

நல்ல கேள்வி. சுமத்ராவில் பாருஸ் பக்கம் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. வணிகக் குழுவினர் வெட்டி வைத்தது. அந்த நூற்றாண்டில் தமிழ் பேசியவர்கள் கப்பலிலும் இருந்திருப்பார்கள், இந்தப் பக்கத்துத் துறைமுகக் கரைகளில் கடை போட்டும் இருந்திருப்பார்கள். மன்னர் கதை படித்த நான் எப்போதும் கப்பலில்தான் இருந்தேன். அவன் கரையில் இறங்கினான். "கரையில இருந்தா சாப்பாடு கெடைக்கும்" என்பது அவன் சொன்ன காரணம்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவனே ஒரு கதை எழுதத் தொடங்கினான். கிள்ளானில் கொம்யூட்டர் ரயிலில் ஏறும் ஒரு பையனும் அவன் அக்காவும். கதவு மூடித் திறந்தால் வேறு காலம். எந்தக் காலம் என்று கேட்டேன். "ஜப்பான்காரன் காலம். தாத்தாவோட அப்பா போனாருல்ல, சயாம். அங்க."

தாத்தாவின் அப்பா என்றால் என் தாத்தா. 1943இல் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து போனவர். கூடவே அவர் தம்பியும் போனார், பதினாறு வயது. தாத்தா மட்டும் திரும்பினார். நான் படிவம் இரண்டில் இருந்தபோது காலமானார். அதுவரை அதைப்பற்றிப் பேசியதில்லை. கேட்டால், "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று எழுந்து போய்விடுவார்.

பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் சேர்த்தார்கள். நேசநாட்டுப் போர்க் கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல் பல மடங்கு. நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பல்லாயிரம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் விழுந்தவர்களுக்குப் பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. நம் எழுத்தாளர்கள் இதை மறக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் நாவல்கள், இரண்டும் பெரியவர்களுக்கானவை. பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க ஒரு கதை தேடினேன், கடையிலும் நூலகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

என் கணவருக்கு இதில் சம்மதமில்லை. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? ராத்திரி தூக்கத்துல கத்துவான்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜேன் யோலன் 1988இல் எழுதிய 'தி டெவில்ஸ் அரித்மெட்டிக்' கதையை நான்தான் படித்தேன், அவனுக்குக் கொடுக்கவில்லை. ஹன்னா என்ற யூதச் சிறுமிக்குப் பண்டிகை நாளில் பெரியவர்கள் பழைய துயரங்களையே பேசுவது அலுப்பாக இருக்கிறது. சடங்குக்காகக் கதவைத் திறக்கப் போனவள் 1942இல் போலந்துக் கிராமம் ஒன்றில் நிற்கிறாள். நடக்கப்போவதைச் சொல்லியும் பார்க்கிறாள், கேட்பார் இல்லை. முகாமுக்கு எல்லோரோடும் அவளும் போகிறாள். அந்த முடிவைத் தாங்க இன்னும் மூன்று நான்கு வயது கூட வேண்டும்.

ஆனாலும் நான் அவன் எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. காலப்பயணக் கதைக்கு ஒரு பாதுகாப்புக் கயிறு உண்டு. எங்கே போனாலும் பிள்ளை வீடு திரும்பிவிடும். கயிறு இடுப்பில் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் கிணற்றுக்குள் நன்றாகவே எட்டிப் பார்ப்பார்கள். அவன் அதற்கு விதிகளும் வைத்திருக்கிறான். இரவுச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட வேண்டும். ஜப்பான் தோற்கும் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. அங்கிருந்து எதையும் எடுத்துவரக்கூடாது. கைத்தொலைபேசி வேலை செய்யாது. இது நான் கேட்டுக்கொண்டதற்காகச் சேர்த்தது. நிகழ்காலத்துப் பையன் போய்க் கைத்தொலைபேசியைக் காட்டி எல்லாரையும் அசத்தும் கதைகள் எனக்கு ஆகாது.

இரண்டாம் அத்தியாயத்தில் கதை நின்றுவிட்டது. "அவங்க பையில என்னம்மா இருந்துச்சு? அது தெரியாம எழுத முடியாது."

எனக்குத் தெரியவில்லை. எத்தனை பேர், எந்த ஆண்டு, எப்படித் தப்பித்தார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

தாத்தாவின் கடைசித் தங்கை பந்திங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். தொண்ணூறு தாண்டிவிட்டது, அண்ணன்மார்கள் சயாமுக்குப் போனபோது எட்டு வயது. எங்களுக்கு அத்தைப்பாட்டி. ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போனேன். கண் மங்கல், காது பரவாயில்லை. மகன் நோட்டுப் புத்தகத்தோடு காலடியில் உட்கார்ந்து, சயாம் என்றோ ரயில் என்றோ எதுவும் சொல்லாமல் நேராகக் கேட்டான்.

"பையா? பை ஏதுய்யா? அரிசிச் சாக்கு" என்றார் பாட்டி. "மூணு மாசம் வேலன்னு சொல்லித்தான கூட்டிட்டுப் போனான். பெரியண்ணன் கம்பளிய மடிச்சு வச்சுக்கிச்சு. ரெண்டு வேட்டி. ஒரு தகரக் குவள. அம்மா கருவாட்டப் பொடிச்சு மொளகாயோட கட்டிக் குடுத்துச்சு. உப்பு கெடைக்காது அப்ப. அண்ட வீட்டுல ஒரு பிடி கேட்டு வாங்கிப் போட்டுச்சு."

அவன் உப்பு என்று எழுதினான். "சின்னண்ணன் பையில?"

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலே மாறிவிட்டது. "என்னோட கித்தாக் கொட்டைய எடுத்துட்டுப் போயிருச்சுய்யா. நாலு வச்சிருந்தேன், நல்லா வழவழன்னு. வந்து திருப்பித் தரேன்னுச்சு. குடுக்கவே இல்ல."

மகனுக்குக் கித்தாக் கொட்டை என்றால் என்னவென்று தெரியாது. ரப்பர் விதை, கோழிமுட்டையை விடச் சிறிது, பழுப்பில் புள்ளி விழுந்திருக்கும், சிமெண்டுத் தரையில் தேய்த்தால் சூடேறும், அதைக் கொண்டுபோய்ப் பக்கத்துப் பிள்ளையின் தொடையில் வைத்துவிட்டு ஓடலாம் என்று பாட்டியே விளக்கினார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கே தேய்ப்பீர்கள், யார் கத்துவார்கள், யார் அடிப்பார்கள் என்று அவன் கேட்டுக்கொண்டே போக, அரை மணி நேரத்தில் லயத்துக் கடைசி வீடு, பெரட்டுக் களம், கிராணியின் நாய் எல்லாம் நோட்டுக்குள் வந்துவிட்டன. எழுபது எண்பது ஆண்டுகளில் யாரும் அவரிடம் அந்த நாயைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

காரில் திரும்பும்போது தன் விதிகளைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தான். ஜாலான் கெபுன் தாண்டியதும் கேட்டான்: "கித்தாக் கொட்ட மட்டும் திருப்பி எடுத்துட்டு வரலாம்ல? அதனால ஒண்ணும் மாறாதுல்ல?"

இன்னும் முடிவு செய்யவில்லை. பையனும் அக்காவும் பான் பொங் நிலையத்தில் சரக்கு ரயில் பெட்டிப் பக்கத்தில் நிற்கிறார்கள். பதினாறு வயதுக்காரர் ஒருவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிறார்.